விக்கிப் பக்கத்தில் பிழை கண்டால்: முறையிடுமுன் எங்கெங்கே பார்ப்பது

பலர் சேர்ந்து எழுதும் ஒரு பக்கத்தில் பிழை கண்ணில் படுகிறது. அது கண்ணில் பட்ட இடத்திலேயே இருக்கும் என்றில்லை. உலாவி சேமித்து வைத்த பழைய பிரதியில் இருக்கலாம், கட்டுரைக்குள் இழுத்து வரப்பட்ட வார்ப்புருவில் (பல பக்கங்கள் பகிரும் ஆயத்தத் துண்டில்) இருக்கலாம், எண்ணையும் திகதியையும் தனியே சேமித்து வைக்கும் விக்கித்தரவில் இருக்கலாம், மேற்கோளாகக் காட்டிய நூலிலேயே இருக்கலாம். எங்களுக்குத் தெரிந்த தகவல் பழசாகிப் போயிருப்பதும் நடக்கும். பிழை குடியிருக்கும் இடத்தைச் சொல்லாத முறைப்பாட்டை வாசிப்பவர், நீங்கள் செய்திருக்க வேண்டிய தேடலை முதலிலிருந்து செய்ய வேண்டும். அவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்தான், பெரும்பாலும் செய்யமாட்டார்.

கீழே அறிகுறி வாரியாகத் தந்திருக்கிறோம். உங்களுடையது எதுவோ அதற்கு நேரே போகலாம்.

“திருத்தியாயிற்று என்கிறார்கள், எனக்குப் பழையதே தெரிகிறது”

முதலில் “வரலாற்றைக் காட்டவும்” என்று பக்கத்தின் மேலே உள்ள தத்தலைத் திறந்து கடைசித் தொகுப்பை (கடைசியாகச் செய்த மாற்றத்தை) பாருங்கள். அங்கே திருத்தம் இருந்து, பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது சேமிப்பில் இருந்த பிரதி. கணினியில் கண்ட்ரோலையும் எஃப் 5ஐயும் சேர்த்து அழுத்துங்கள். தொலைபேசியில் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் பழைய பிரதி விக்கியின் வழங்கியில் இருக்கிறது. புகுபதிந்து, பக்கத்தின் சேமிப்பை அழிக்கும் ‘பேர்ஜ்’ கட்டளையைக் கொடுத்தால் போதும். ஒரே வகைக் கட்டுரைகளைத் திரட்டும் பகுப்புப் பட்டியலில் கட்டுரை வந்து சேராதது மட்டும்தான் குறை என்றால் பேர்ஜ் சில வேளை உதவாது. தொகு பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள். அப்படிச் சேமித்தது வரலாற்றில் பதியாது, பகுப்பு மட்டும் புதுப்பிக்கப்படும்.

பிழை கூகுள் தேடலின் பக்கவாட்டுப் பெட்டியில் தெரிந்தால் அது வேறு வீடு. அந்தப் பெட்டி பல இடங்களிலிருந்து தகவலை எடுக்கிறது. விக்கிப்பீடியாவில் அந்த வரியே இல்லாமல் இருக்கலாம். பெட்டியின் அடியில் உள்ள கருத்து இணைப்பால் கூகுளுக்குச் சொல்லுங்கள். உரையாடிச் செயலி ஒன்று “விக்கிப்பீடியாவில் இப்படி இருக்கிறது” என்று சொன்னாலும் இதே கதைதான்: பக்கத்தைத் திறந்து வரியைக் கண்ணால் கண்ட பிறகுதான் முறைப்பாடு.

தொலைபேசியில் கட்டுரையின் அடியில் வரும் வழிகாட்டிப் பட்டைகள் காணவில்லையா? கைபேசித் தோற்றத்தில் அவை காட்டப்படுவதில்லை. அது பிழையல்ல.

“கட்டுரையில் ஒன்று, வலப்பக்கப் பெட்டியில் இன்னொன்று”

“மூலத்தைத் தொகு” என்பதைத் திறந்து, பெட்டியில் கண்ட எண்ணை உலாவியின் தேடலில் போடுங்கள். கிடைத்தால் அங்கேயே திருத்தலாம். கிடைக்காவிட்டால் அந்த எண் வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலும் விக்கித்தரவிலிருந்துதான். எண்ணுக்குப் பக்கத்தில் சின்னப் பென்சில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கருவிப் பட்டியலில் “விக்கித்தரவு உருப்படி” என்பதை அழுத்தினால் அந்தத் தரவின் பக்கத்துக்குப் போகலாம். அங்கே ஒரே பண்புக்கு இரண்டு பெறுமதிகள், இரண்டு ஆண்டுகளுடன் இருக்கக்கூடும். பழையதை அழிக்காதீர்கள். அது பழைய ஆண்டுக்குச் சரியான எண். புதியதற்கு முன்னுரிமை கொடுத்தால் பெட்டியில் புதியது வரும்.

தொகு பக்கத்தின் அடியில் அந்தக் கட்டுரை பயன்படுத்தும் வார்ப்புருக்களின் பட்டியல் இருக்கும். பத்துக் கட்டுரைகளில் ஒரே நேரத்தில் ஒரே பிழை தோன்றினால் அங்கேதான் போக வேண்டும். பத்து உரையாடல் பக்கங்களில் எழுதுவது வீண்.

“எண் பிழை, திகதி பிழை”

அதிகம் முறையிடப்படுவதும் அதிகம் திருப்பியனுப்பப்படுவதும் இந்த வகைதான். ஆகவே நின்று பார்ப்போம்.

கொழும்பின் சனத்தொகை என்ன? 2012 குடிசனத் தொகைமதிப்பின்படி 561,314 என்றால் அது மாநகர சபைப் பகுதி. கொழும்பு பிரதேச செயலகப் பிரிவின் 323,257 பேரும் திம்பிரிகஸ்யாய பிரிவின் 238,057 பேரும் சேர்ந்தது. 2,324,349 என்றால் அது மாவட்டம். ஹோமாகமவும் அவிசாவளையும் அதற்குள் வரும். இரண்டு எண்ணும் சரி. முதலாவதைக் கண்டு “இருபத்துமூன்று இலட்சத்தை ஐந்து இலட்சம் ஆக்கிவிட்டார்கள்” என்று எழுதியவர் எல்லையைப் பார்க்கவில்லை. எந்த எண்ணைச் சந்தேகித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு, எண்ணியதா மதிப்பிட்டதா? இந்த மூன்றில் ஒன்றைக் கட்டுரை சொல்லாமல் விட்டிருந்தால் உண்மையான குறை அதுதான். எண்ணை மாற்றக் கேட்காமல், எல்லையை எழுதச் சொல்லுங்கள்.

தாமரைக் கோபுரம் திறந்த திகதியும் இப்படித்தான். 2019 செப்டெம்பர் 16இல் திறப்பு விழா நடந்தது. பொதுமக்கள் உள்ளே போனது 2022 செப்டெம்பர் 15இல். மாதம் ஒன்றாகவும் நாள் கிட்டத்தட்ட ஒன்றாகவும் இருப்பதால் ஆண்டைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து மாற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. போர்த்துக்கேயர் வந்த ஆண்டு 1505 என்று ஒரு பக்கமும் 1506 என்று இன்னொரு பக்கமும் சொன்னால் அது வரலாற்றாசிரியர்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடு. பாடப்புத்தகத்தில் ஒன்றுதான் இருந்தது என்பதால் மற்றது பிழையாகிவிடாது. இரண்டையும் மேற்கோளுடன் சொல்வதுதான் கட்டுரையின் வேலை.

தலைநகரம் எது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஓயாமல் வரும் முறைப்பாடு அது. பாராளுமன்றம் 1982 ஏப்ரல் மாதத்திலிருந்து ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் இருக்கிறது. கொழும்பு வணிகத் தலைநகரம். உரையாடல் பக்கத்தின் பழைய பதிவுகளைத் தேடுங்கள். நீங்கள் எழுதப் போகிற அதே வாக்கியத்தை முன்னரே யாரோ எழுதி, பதிலும் வாங்கியிருப்பார்.

அடுத்து மேற்கோள். அதைத் திறந்து வாசியுங்கள். இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது போதாது. மேற்கோள் காட்டும் பக்கம் அந்த எண்ணைச் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் மேற்கோள் பிழை. சொல்கிறது, ஆனால் வேறு நம்பகமான நூல் வேறாகச் சொல்கிறது என்றால் மூலங்களுக்கிடையில் முரண். இவை இரண்டும் வேறு வேறு முறைப்பாடுகள். வாக்கியம் சரியாக இருந்து, பின்னர் யாரோ எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் அது மூன்றாவது வகை. அதற்கு மேற்கோள் விவாதமே தேவையில்லை, பழைய நிலைக்கு மீளமைத்தால் போதும்.

எண் எப்போது மாறியது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தொகுப்பையும் திறக்க வேண்டாம். வரலாற்றில் 500 தொகுப்புகளைக் காட்டச் சொல்லி நடுவில் உள்ளதைத் திறவுங்கள். அங்கே பழைய எண் இருந்தால் மாற்றம் அதற்குப் பிறகு, இல்லாவிட்டால் முன்பு. பாதியைத் தள்ளி, மீதியின் நடுவைத் திறவுங்கள். ஒன்பது தடவையில் 500க்குள் இருக்கும் அந்த ஒரு தொகுப்பு கையில் வந்துவிடும்.

வட்டமாகச் சுற்றும் மேற்கோள் என்று ஒரு பொறி இருக்கிறது. விக்கியில் ஆதாரமில்லாமல் ஒருவர் எழுதியதைப் பத்திரிகை எடுத்துப் போடும். பிறகு அந்தப் பத்திரிகையே விக்கியில் ஆதாரமாக வந்து உட்காரும். உங்கள் கையில் இருக்கும் சான்றும் அப்படி வந்ததாக இருக்கலாம். வாக்கியம் கட்டுரைக்குள் வந்த திகதியையும் செய்தி வெளிவந்த திகதியையும் ஒப்பிடுங்கள். வாக்கியம் முந்தியது என்றால், அதற்கும் முந்திய அச்சு மூலம் ஒன்றைத் தேட வேண்டும். இலங்கைத் தமிழ் விடயங்களுக்கு நூலகம் இணையத்தளத்தின் மின்வருடல்களில் தொடங்குங்கள். பழைய பத்திரிகைக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம். நூல் மட்டும் வேண்டுமென்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போகலாம். சட்டம், எல்லை, பெயர் மாற்றம் எதுவானாலும் வர்த்தமானிதான் கடைசிச் சொல்.

“இணைப்பை அழுத்தினால் வேறு ஊருக்குப் போகிறது”

கொழும்பில் இதற்குப் பெயர்போன இடம் கோட்டை. புகையிரத நிலையம் இருக்கும் கொழும்பு 1உம் கோட்டை. ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட இராச்சியமும் தமிழில் கோட்டை இராச்சியம். பாராளுமன்றம் உள்ள நகரைச் சிலர் கோட்டே என்பார்கள், சிலர் கோட்டை என்பார்கள். கட்டுரையில் “கோட்டை” என்று வெறுமனே இணைத்திருந்தால் எதற்குப் போகும் என்பது அதிர்ஷ்டம். கோட்டைப் பக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இணைப்பு வைத்த கட்டுரையில்தான் கை வைக்க வேண்டும்.

வீதிப் பெயர்களிலும் இதே கவனம். டூப்ளிகேஷன் வீதியும் ஆர். ஏ. டி மெல் மாவத்தையும் ஒன்றுதான். கிரீன் பாத் என்று எல்லோரும் சொல்வது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. புல்லர்ஸ் வீதி பௌத்தாலோக மாவத்தை. 1972க்கு முந்திய நிகழ்வில் “சிலோன்” என்று வந்தால் அது அந்தக் காலத்துப் பெயர், மாற்றக் கூடாது.

வேற்றுமொழி இணைப்பு தவறான கட்டுரைக்குப் போனால் அது விக்கித்தரவின் வேலை. இரண்டு உருப்படிகள் கலந்திருக்கும்.

“எழுத்துப் பிழை நிறைய”

இங்கேதான் கொழும்பு வாசகரும் சென்னை வாசகரும் முட்டிக்கொள்வது. திகதி, தேதி, ஒக்டோபர், அக்டோபர், பாராளுமன்றம், நாடாளுமன்றம், டொக்டர், டாக்டர், ரயர், டயர். இவற்றில் ஒன்று பிழை, மற்றது சரி என்று முறையிட்டால் பதில் வராது. வந்தால் சண்டையாக வரும். பொது வழக்கம் எளியது. இலங்கை பற்றிய கட்டுரையில் இலங்கை வழக்கு, தமிழ்நாடு பற்றியதில் தமிழ்நாட்டு வழக்கு, மற்றவற்றில் முதலில் எழுதியவர் வழக்கு. நீங்கள் முறையிடக் கூடியது ஒரே கட்டுரைக்குள் இரண்டும் கலந்து கிடந்தால்தான். ஹ, ஜ, ஸ எழுத்துகளை நீக்கி எழுதுவதும் அப்படியே வைத்திருப்பதும் கொள்கை வேறுபாடு. நாரஹேன்பிட்டியில் ஹ இருக்கலாமா என்ற கேள்விக்குத் தீர்ப்பு உரையாடல் பக்கத்தில் கிடைக்காது. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடி இருக்கிறது. அங்கும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

உண்மையான எழுத்துப் பிழைகள் வேறு மாதிரி. கொம்பு முன்னே தள்ளிப்போய், புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும் “கொழும்பு” பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டியதன் அடையாளம். அந்தக் கோப்பு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கும். யுனிக்கோடு உச்சரிக்கும் வரிசையைக் கேட்கும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பந்தி முழுக்கக் கிடந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டிய உரை. மாற்றி ஒன்றில் போட்டு எடுத்தால் தமிழாகிவிடும். ஔவைக்கு ஒ போட்டு ள போட்டிருப்பது இன்னொன்று. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், தேடலில் அகப்படாது.

பார்க்கும் எல்லாப் பக்கத்திலும் எழுத்து உடைந்து தெரிந்தால் உங்கள் கருவியின் எழுத்துருவைச் சோதியுங்கள். அடுத்தவர் தொலைபேசியில் ஒரு தரம் திறந்து பார்த்தால் முடிந்தது.

“பக்கம் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது”

ஸ்ரீ என்று தொடங்கும் தலைப்பா? அந்த எழுத்தை யுனிக்கோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸ வைத்து ஒன்று, ஶ வைத்து ஒன்று. ஶ 2005இல்தான் யுனிக்கோட்டில் சேர்ந்தது. அதற்கு முன் எல்லோரும் ஸவைத்தான் பயன்படுத்தினார்கள், இன்றும் பல விசைப்பலகைகள் அதையே தருகின்றன. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. சோதிக்க வழி: தலைப்பிலிருந்து அந்த எழுத்தைப் பிரதியெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, பின்னழிப்பு விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். ஈகாரக் குறி போகும், ர போகும், மிஞ்சுவது ஸ் அல்லது ஶ் என்று அடையாளம் தெரிந்துவிடும். பிறகு மற்ற வடிவத்தில் தேடுபவரையும் இந்தப் பக்கத்துக்கே அனுப்பும் வழிமாற்று ஒன்றை உருவாக்கிவிடுங்கள். அதற்கு முறைப்பாடே வேண்டாம்.

“வரைபடத்தில் இடம் கடலுக்குள் கிடக்கிறது”

முதலில் எவ்வளவு தூரம் தள்ளி என்று அளந்து பாருங்கள். தூரமே காரணத்தைச் சொல்லும்.

கொழும்பு வட அகலாங்கு 6 பாகை 56 கலை. தசமத்தில் அது 6.93. கலையை அப்படியே தசமமாக்கி 6.56 என்று போட்டால் இடம் ஏறத்தாழ 41 கிலோமீற்றர் தெற்கே போகும். நெட்டாங்கு 79 பாகை 50 கலையை 79.50 ஆக்கினால் 37 கிலோமீற்றர் மேற்கே. இரண்டும் சேர்ந்தால் களுத்துறைக்கு நேரே நடுக்கடல். அகலாங்கையும் நெட்டாங்கையும் மாற்றிப் போட்டால் சுவால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் பகுதிக் கடலில் போய் விழும். ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்ட விலகல் என்றால் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் கொடுத்திருப்பார்கள்; இரண்டாம் இலக்கம் 1.1 கிலோமீற்றர், நான்காம் இலக்கம் 11 மீற்றர். கடற்கரையோரம் உள்ள வெள்ளவத்தைக்கு இரண்டு இலக்கம் போதாது.

பலர் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பிழை என்றால் அதன் இணையத்தளத்திலேயே பாருங்கள். தொலைபேசிச் செயலி பதிவிறக்கி வைத்த பழைய தரவைக் காட்டிக்கொண்டிருக்கலாம். தமிழ்ப் பெயர் மட்டும் பிழையா, சிங்களப் பெயரும் பிழையா என்று தனித்தனியே பாருங்கள், அவை தனித்தனிப் புலங்கள். ஒருவழிப் பாதை மாறியிருந்தால் நேரில் பலகையைப் பார்த்த திகதியோடு குறிப்பு வையுங்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்துத் திருத்தக் கூடாது, உரிமம் இடம் கொடாது. “கூகுளில் இப்படி இருக்கிறது” என்று எழுதிய குறிப்பு அதனாலேயே பயனற்றுப் போகும்.

“நேரம் ஒத்துவரவில்லை”

ஆங்கில விக்கியில் கையொப்பங்களின் நேரம் யூடிசி, அதாவது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னே நிற்கும் உலகப் பொது நேரம். இங்கே அதிகாலை 5.30க்கு முன் எழுதியது அங்கே முதல் நாள் திகதியில் தெரியும். நிகழ்வுகளின் நேரத்திலும் ஒரு சிக்கல்: இலங்கை 1996இல் நேரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் யூடிசிக்கு 5.30 மணி நேரம் முன்னே என்ற கணக்குக்குத் திரும்பியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம் யூடிசி 00:58இல். அன்றைய இலங்கைக் கடிகாரம் ஆறு மணி நேரம் முன்னே ஓடியதால் இங்கே காலை 6.58. இன்றைய கணக்கில் 6.28 என்று திருத்தினால் சரியானதைக் கெடுத்ததாகும்.

“சிவப்பு எழுத்தில் வழுச்செய்தி”

மேற்கோள் வழு என்றால் பெயரிட்ட மேற்கோள் ஒன்றின் மூலப் பதிவை யாரோ பந்தியோடு அழித்திருப்பார். வரலாற்றில் கடைசியாகக் கழித்தல் குறியோடு பெரிய எண் உள்ள தொகுப்பைப் பாருங்கள். லுவா வழு என்றால் குறை வார்ப்புருவில் அல்லது அதன் பின்னால் லுவா மொழியில் எழுதிய நிரலில். உங்கள் கணக்கில் மட்டும் பக்கம் குழம்பினால் நீங்கள் சேர்த்த கருவிகள்தான் காரணமாக இருக்கும். புகுபதியாமல் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.

“மேற்கோள் இணைப்பு வேலை செய்யவில்லை”

அரச இணையத்தளங்கள் சில மணி நேரம் படுத்து எழும்புவது புதினமல்ல. ஒரு நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள். பிறகும் இல்லையென்றால் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டு, கட்டுரை அதைப் பார்த்த திகதிக்குக் கிட்டிய பிரதியை எடுத்து நீங்களே சேர்த்துவிடலாம். இறந்த இணைப்பு என்பதால் வாக்கியத்தை நீக்கக் கேட்காதீர்கள்.

“நான் திருத்தியது காணாமற் போய்விட்டது”

“பங்களிப்புகள்” பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் அது சேமிக்கப்படவேயில்லை: நெடுநேரம் தொகு பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததில் அமர்வு காலாவதியாகியிருக்கலாம், அல்லது இடையில் இன்னொருவர் சேமித்துத் தொகுப்பு முரண்பாடு வந்திருக்கலாம். பட்டியலில் இருந்தால் யாரோ மீளமைத்திருக்கிறார். காரணம் தொகுப்புச் சுருக்கத்தில் இருக்கும். அதை வாசிக்காமல் அதே திருத்தத்தைத் திரும்பப் போடுவதுதான் தொகுப்புப் போர் தொடங்கும் வழி.

தடை செய்யப்பட்டதாகச் செய்தி வந்தால் பதறாதீர்கள். கைபேசி வலையமைப்பில் ஒரே முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் குறும்புக்கு விழுந்த தடை உங்களுக்கும் பொருந்திவிடும். கணக்கு ஒன்றைத் திறந்து புகுபதிந்தால் பெரும்பாலும் வழி திறக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு முறைப்பாடு எழுதுவதானால்

ஒரு நிமிடத்தில் நீங்களே திருத்தக் கூடியதானால் திருத்திவிடுங்கள். பூட்டிய பக்கம், வார்ப்புரு, உங்களுக்கே நிச்சயமில்லாத விடயம், உங்களையோ உங்கள் நிறுவனத்தையோ பற்றிய பக்கம் ஆகியவற்றுக்குத்தான் முறைப்பாடு. பக்கத்தின் முகவரியைக் கொடுக்காதீர்கள், “நிலையான தொடுப்பு” கொடுங்கள். நாளைக்குப் பக்கம் மாறினாலும் நீங்கள் பார்த்த பிரதி அதில் நிற்கும். பிழையான வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அப்படியே எழுதுங்கள். “சனத்தொகை பிழை” என்று எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்:

“முதற்பந்தி, மூன்றாம் வாக்கியம்: ‘கொழும்பு மாநகரின் சனத்தொகை 2,324,349 (2012)’. இது மாவட்டத்தின் எண். மாநகர சபைப் பகுதிக்கு 561,314. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 அறிக்கை, பிரதேச செயலக வாரி அட்டவணை, கொழும்பும் திம்பிரிகஸ்யாயவும் சேர்த்து. விக்கித்தரவைப் பார்த்தேன், அங்கே சரியாக இருக்கிறது. கட்டுரையின் மூலத்தில் மட்டும் பிழை.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். தோற்றக் குறைபாடு என்றால் உலாவி, கருவி, கைபேசித் தோற்றமா கணினித் தோற்றமா என்பதையும் சேருங்கள். ஒரு முறைப்பாட்டில் ஒரு பிழை. யார் செய்தது என்று பெயர் சொல்ல வேண்டாம், தொகுப்பின் வேறுபாட்டு இணைப்பு போதும். நான்கு அலைக்குறி போட்டுக் கையொப்பமிட்டு, மேலே உள்ள நட்சத்திரத்தை அழுத்திப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேருங்கள். பதில் வரும்போது திகதியைத்தான் முதலில் பாருங்கள். நீங்கள் எழுதியதற்கும் பதிலுக்கும் இடையில் வேறொருவர் திருத்தியிருக்கக் கூடும்.